சொல்லாமல் விட்ட காய்ச்சல்

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸாக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் ஏழு மாதம், ஒரே ஒரு வீட்டின் முன்னால் மட்டும் நிற்காமல் நடந்து போனேன். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு குப்பத்தில் இருந்தது அந்த வீடு. என் பதிவேட்டில் அதற்கு நேரே ஒவ்வொரு மாதமும் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதினேன். ஒரு தடவைகூடப் பூட்டியிருந்ததில்லை. உள்ளே டி.வி. ஓடும், குழந்தை சிணுங்கும், குக்கர் விசில் அடிக்கும். நான் எதிர் வரிசையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவேன்.

காரணம் இதுதான். அந்த வீட்டுப் பெண்ணின் மூத்த குழந்தைக்கு, ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசியை நான்தான் போட்டேன். அன்று ஒரு புதன்கிழமை. குப்பத்து பால்வாடியில், சுவர் முழுக்க மாம்பழமும் மயிலும் வரைந்திருந்த அறையில், ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசல் வரைக்கும் அம்மாக்கள் வரிசை. வெயில். யாரோ ஒருத்தியின் பிள்ளை வாந்தி எடுத்திருந்தது. இவள் முறை வந்ததும் பெண் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் மறுபடியும் மூன்று மாதம்.

ஊசி போட்டு முடித்ததும் எழுந்திருக்காமல் ஒரு கேள்வி கேட்டாள். காய்ச்சல் வருமா, இவள் அப்பா துறைமுகத்துக்கு வண்டி எடுத்துப் போயிருக்கிறார், இன்றைக்கு வீட்டுக்கு வருவாரோ மாட்டாரோ தெரியாது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று.

“ஒன்னும் ஆவாதும்மா, நீ போ” என்றேன்.

பாராசிட்டமால் பட்டையை அவள் கையில் திணித்தேன். எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, காய்ச்சல் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தான் தருகிறார்கள். நானே அதைப் புது நர்ஸுகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அன்றைக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பால்வாடி ஆயா போன் செய்தார். சாயங்காலம் காய்ச்சல் ஏறி, அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டதாம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். அட்மிட் செய்திருக்கிறார்கள். எழுத வேண்டிய படிவத்தை எழுதினேன். எங்கள் சுகாதார மையத்து டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காய்ச்சலால் வந்த வலிப்புதான், சில நிமிடத்தில் நின்றுவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறாள், மூன்று நாளில் அனுப்பிவிடுவார்கள் என்றார். ‘நீங்களும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க’ என்றும் சொன்னார்.

போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் இருந்தது. வார்டு எந்த மாடி என்று வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு படி ஏறாமல் திரும்பி வந்து பஸ் பிடித்துக் கல்மண்டபத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். பார்த்துவிட்டு வந்தேன், நன்றாக இருக்கிறாள் என்றேன்.

அந்தப் பெண் பிரசவத்துக்குக் காசிமேட்டில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனாள். பையன் பிறந்தான். பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசியைப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் மாதம் குழந்தையோடு குப்பத்துக்குத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பையனுக்கு ஒரு ஊசியும் இல்லை, ஒரு சொட்டும் இல்லை. பால்வாடி ஆயா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ‘எங்க புள்ளய நாங்க பாத்துக்கறோம்’ என்று அவள் புருஷன் சொல்லிவிட்டாராம். ஆயா அதை என்னிடம் சொன்னபோது, என் மனசின் ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அந்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

பையனுக்குப் பத்து மாதம் ஆனபோது, இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைக்கு மணல்வாரி வந்தது. தட்டம்மையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான்கு நாளில் இன்னொரு குழந்தைக்கும் வந்தது. அந்த இரண்டாவது குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். எங்கள் மையத்துக்கு அப்போது புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். அந்தப் பகுதியில் ஊசி போடாத குழந்தைகளின் பட்டியலைக் கேட்டார். பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் நிறுத்தினார். ஏழு மாதமாக ஒரு வீடு எப்படிப் பூட்டியே இருக்கும் என்று கேட்டார்.

பொய் சொல்ல ஒரு நொடி போதும். சொல்லியும் இருப்பேன். ஆனால் முந்தின நாள்தான் அந்த ஆக்ஸிஜன் வைத்த குழந்தையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வரிசை, வெயில், நான் சொன்ன பதில், ஆஸ்பத்திரி வாசல், பதிவேடு எல்லாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. டாக்டர் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அக்காவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது தம்பிக்கு ஊசி போடத் தடையில்லை, அவனை இங்கேயே கொண்டு வரச் சொல்லுங்கள், நான் கூடவே இருக்கிறேன் என்றார். பதிவேட்டில் இருந்ததை அன்றே திருத்தச் சொன்னார். அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மத்தியானமே கிளம்பினேன். ஐஸ் பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை, பையில் நோட்டுகூட இல்லை.

அவள் வாசலில் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். மூத்த பெண் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட மூன்று வயது, கொழுகொழுவென்று. அவளைப் பார்த்ததுமே எனக்குள் ஏதோ தளர்ந்தது. அத்தனை நாளும் என் மனசில் அந்தக் குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுத்திருந்தாள்.

“இன்னா சிஸ்டரு, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?” என்றாள். முறத்தை நிறுத்தவில்லை.

நான் படியில் உட்கார்ந்தேன். ஊசியைப் பற்றிப் பேச வரவில்லை, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க வந்தேன் என்றேன். அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வீசினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

நாலு மணிக்கு உடம்பு சுட ஆரம்பித்திருக்கிறது. நான் கொடுத்த மாத்திரையை எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல், பயந்து, கொடுக்காமலே வைத்திருக்கிறாள். ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தது. துணியை நனைத்துக் கட்டியிருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தை அனலாகக் கொதித்தது. கண் மேலே செருகிக்கொண்டது. கை கால் வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். ஒருவர் பல்லைப் பிரிக்கிறேன் என்று ஸ்பூனை வாய்க்குள் விட்டு, உதடு கிழிந்து ரத்தம். ரத்தத்தைப் பார்த்ததும் குழந்தை போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். புருஷனுக்குப் போன் மேல் போன். அவர் எடுத்தார், ஆனால் வர முடியவில்லை. வயிற்றில் ஒன்று, கையில் ஒன்று, அப்படியே ஆட்டோவுக்கு ஓடியிருக்கிறாள்.

“நீ ஒன்னும் ஆவாதுன்னு சொன்ன” என்றாள். குரல் உயரவே இல்லை. “காய்ச்சல் வரும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ரெடியா இருந்துருப்பேன். இங்க கம்பெனிலேர்ந்து கேஸு வாட வந்து கொயந்தைங்க கண்ணு எரிஞ்சிகினு நிக்கும்போது ஆபீசருங்க வருவாங்க. அவங்களும் இத்தயேதான் சொல்லுவாங்க. ஒன்னும் ஆவாது. நீயும் அவங்கள மாரியே சொல்லிட்டு பூட்ட.”

இருபது வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் ஊசி வேண்டாம் என்றிருக்கிறார்கள். மலட்டுத்தன்மை வரும் என்பார்கள், வெளிநாட்டுச் சதி என்பார்கள், எல்லாவற்றுக்கும் என்னிடம் தயாராகப் பதில் இருக்கும். இவளுக்கு ஊசி மேல் சந்தேகமே இல்லை. என் மேல்தான் சந்தேகம்.

“அன்னைக்கி நான் சொன்னது தப்பு” என்றேன். “ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு, மேல ஏறாம திரும்பிட்டேன். அதுவும் தப்பு. உன்ன பாக்க பயமா இருந்திச்சு.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். அவ்வளவுதான், கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தாள். இடுப்பில் பையன். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

“இவனுக்கும் அந்த மாரி வருமா?”

நாக்கின் நுனி வரைக்கும் பழைய பதில் வந்துவிட்டது. பழக்கம் அப்படி. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன். காய்ச்சல் வரலாம், பல குழந்தைகளுக்கு வரும். ஊசி போட்ட இடம் வீங்கி வலிக்கும், ஒன்றிரண்டு நாள் சிணுங்குவான். வலிப்பு வருவது ரொம்பவே அபூர்வம், ஆனால் வரவே வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே சொல்லித் தருகிறேன். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையில் இரும்பு தேவையில்லை, எத்தனை நிமிடம் இழுக்கிறது என்று மணி பார்க்க வேண்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பிறகு இரண்டு தெரு தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பற்றியும் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்தக் குழந்தையை அவளுக்கே தெரியும்.

பையன் என் கழுத்துச் சிலுவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் விரலைப் பிரித்துவிட்டாள். “அவுரு கைல பேசு” என்றாள். “அவுருதான் கூடாதுன்றாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு.”

எப்போது வீட்டில் இருப்பார் என்று கேட்டேன். அது அவருக்கே தெரியாது என்றாள். அவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். கன்டெய்னரோடு துறைமுக கேட் வரிசையில் போய் நின்றுவிட்டால், உள்ளே போய் வெளியே வர ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அப்போதுகூட நெடுஞ்சாலையில் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். போன் போட்டுக் கொடுத்தாள். அவர் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அவள் திரும்பப் போட்டு, எங்கே நிற்கிறது வண்டி என்று மட்டும் கேட்டு எனக்குச் சொன்னாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். வரிசையில் முந்தின நாளிலிருந்து அரைக் கிலோமீட்டர்தான் நகர்ந்திருந்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பும் நீலமுமாகக் கன்டெய்னர்கள். டிரைவர்கள் சக்கரத்து நிழலில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். வண்டி நம்பரைத் தேடிக்கொண்டு, யூனிஃபார்ம் சேலையோடு நான் நடப்பதை எல்லோரும் எழுந்து பார்த்தார்கள்.

அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். பேச வேண்டும் என்றேன். ரோட்டில் நின்று பேச முடியாது, தூசி என்றார். எனக்கு அப்போது ஐம்பது வயது, முட்டி வலி வேறு. அந்த கேபின் ஒரு ஆள் உயரத்தில் இருந்தது. அவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்து கதவைத் திறந்து, “அந்தக் கம்பிய புட்ச்சிக்கோங்க சிஸ்டர், கால மேல வைங்க” என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துத்தான் ஏற்றினார். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் அவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஊசி எல்லாம் ஏமாற்று வேலை என்று ஒருவர் பேசுகிற வீடியோ. வழக்கமாக நான் இரண்டு நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அன்று கடைசி வரைக்கும் பார்த்தேன். அதில் சொன்னதில் எது தப்பு என்று எனக்குத் தெரியுமோ அதைச் சொன்னேன். ஒரு விஷயம் எனக்குத் தெரியவில்லை, டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் போனை வாங்கி டேஷ்போர்டில் போட்டார்.

“வீடியோல்லாம் சும்மா சிஸ்டர்” என்றார்.

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. இவரும் பிரேக்கை எடுத்து, என்னையும் வைத்துக்கொண்டு இரண்டு லாரி நீளம் ஓட்டி நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் சொன்னார்.

“அன்னைக்கி வூட்டுக்காரி போன் போட்டு கத்துது. இதே ரோட்ல, கேட்டுக்கு பத்து வண்டி முன்னால நிக்கிறேன். முன்னாடி வண்டி, பின்னாடி வண்டி. வுட்டுட்டு போனா ரோடே ஜாமாவும். ஓனரும் வண்டிய வுட்டு எறங்காதன்றாரு. போன்ல புள்ள இழுக்கற சவுண்டு கேக்குது சிஸ்டர். நான் உக்காந்துகினே இருந்தேன்.” கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இன்னொரு தபா என்னால அத கேக்க முடியாது.”

அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஊசி போடாவிட்டாலும் காய்ச்சல் வரும், அம்மை வரும், அப்போதும் நீங்கள் இதே ரோட்டில்தான் நிற்பீர்கள், போன் வரத்தான் செய்யும் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு அது புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. நீங்கள் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போடலாம் என்றேன். எங்களுக்குப் புதன்கிழமைதான் ஊசி நாள், ஆனால் விட்டுப்போன குழந்தை என்பதால் டாக்டரிடம் சொல்லி வேறு நாளிலும் ஏற்பாடு செய்யலாம் என்றேன்.

அவர் யோசித்தார். “நான் லீவு போடறேன். நீங்களும் வரணும்” என்றார். “போட்டுட்டு போவக் கூடாது. காய்ச்சல் வந்து எறங்கற வரைக்கும் எங்க வூட்ல உக்காரணும்.”

சரி என்றேன். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பின்னால் நின்ற வண்டியின் டிரைவரும் வந்து ஒரு கை கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு பேரும் ஒரே பைக்கில் மையத்துக்கு வந்தார்கள். டாக்டர் பையனை எடை பார்த்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்து, அன்றே என்னென்ன போடலாம் என்று நிதானமாகச் சொன்னார். மூன்று ஊசி, வாயில் சொட்டு மருந்து. மூன்றா என்று அவள் அதிர்ந்தாள். ஒரே நாளில் போட்டால் பாதகமில்லை, பிரித்துப் போட்டால் தெருவில் அம்மை இருக்கும்போது அத்தனை நாள் பாதுகாப்பில்லாமல் இருப்பான் என்றார் டாக்டர். வீட்டில் எப்போது எது வரலாம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். இன்று சாயங்காலம் காய்ச்சல் வரலாம். அம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசாக உடம்பு சுடலாம், கொஞ்சம் தடிப்பும் வரலாம். சிரப் எத்தனை மில்லி என்று அடிக்கோடு போட்டிருந்தார்.

மூன்றையும் நான்தான் போட்டேன். பையன் கத்தின கத்தலில் அவர் வெளியே போய்விட்டார். அவள்தான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒன்றரை வருடத்துக்கு முன் மூத்தவளைப் பிடித்திருந்த மாதிரியே. அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தோம். அதற்குள் பையன் அழுகையை மறந்து டாக்டரின் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவர்களோடு வீட்டுக்குப் போனேன். காத்திருப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. மத்தியானம் குழம்பு வைத்துப் போட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கும் இறங்கவில்லை. மூத்தவள் மட்டும் தட்டைக் காலி செய்துவிட்டு அப்பா முதுகில் ஏறினாள்.

மூன்றரை மணிக்குப் பையன் உடம்பு சுட்டது. முதலில் கண்டுபிடித்தது அவள்தான், கழுத்தில் கை வைத்து. தெர்மாமீட்டரை வைத்தேன். நூறைத் தாண்டியிருந்தது. அவர் சட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார், எங்கே போவது என்று தெரியாமலே. அவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். சிரப்பை அளந்தாள், என்னிடம் காட்டினாள், நான் சரி என்றதும் ஊட்டினாள். சட்டையைக் கழற்றிவிட்டுப் பால் கொடுத்தாள். நான் எதையும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அவர் கால் மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் வைக்கச் சொன்னார். அப்படி அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லாமல் வைத்துக் காட்டினேன். நூற்றொன்று வரை போனது. நான் மனசுக்குள் ஜெபம் சொன்னேன். ஐந்தேகாலுக்கு நெற்றியில் வேர்வை அரும்பியது. அவள்தான் பார்த்தாள். முந்தானையால் ஒற்றி, அந்த ஈரத்தை அவருக்குக் காட்டினாள். ஆறு மணிக்குப் பையன் எழுந்து உட்கார்ந்து, அக்கா தட்டிலிருந்த இட்லியைப் பிடுங்கினான். மூத்தவள் “ஐயே” என்று சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள், இவன் இட்லியை முகமெல்லாம் பூசிக்கொண்டான்.

அவர் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் சமையல் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட்டாள். மத்தியானம் இறங்காத சோறு அப்போது எனக்குப் பசித்தது. கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்க மறுநாள் விடிந்ததும் போன் செய்தேன். லேசாகக் காய்ச்சல் இருந்தது, ஒரு தடவை மருந்து கொடுத்தேன், தூங்கிவிட்டான் என்றாள். எட்டாம் நாள் அவளே கூப்பிட்டாள். மையத்தில் கூட்டமாக இருந்தது. அவள் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

“நீ சொன்ன மாரியே லேசா சுடுது சிஸ்டரு. வயித்துல ரெண்டு மூணு தடிப்பு கீது. மருந்து குட்த்துட்டேன்” என்றாள். “சும்மா சொல்லலாம்னு போட்டேன். நீ வேலய பாரு.”

காய்ச்சல் வந்துவிட்டது என்று ஒருத்தி சொல்லி, அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

தெருவில் அம்மை அதற்கு மேல் பரவவில்லை. ஆக்ஸிஜன் வைத்த குழந்தையும் இளைத்துப்போய், ஆனால் நல்லபடியாக வீடு திரும்பியது. பையனுக்கு மீதி ஊசிகளை ஒவ்வொரு மாதமாகப் போட்டு முடித்தோம். இரண்டாவது தடவை அவர் வரவில்லை, வண்டியில் இருந்தார். வீடியோ காலில் பார்த்துக்கொண்டார். மூன்றாவது தடவை வீடியோ காலும் இல்லை. தண்ணீர் லாரி வரிசையில் நிற்கும்போது அவள் மற்ற அம்மாக்களுக்குச் சொல்கிறாளாம், காய்ச்சல் வரும், பயப்படாதே, சிஸ்டர்கிட்ட எவ்வளவு மருந்துன்னு கேட்டு எழுதிகினு வா என்று. இப்போது என்னிடம் வருகிற பாதிப் பேர் பேனா பேப்பரோடு வருகிறார்கள். புதன்கிழமைகளில் நான் வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகிறது.

மூத்தவளுக்கு இந்த வருடம் ஐந்து வயது முடிந்தது. அந்த வயதில் ஒரு ஊசி இருக்கிறது, அன்றைக்கு நான் போட்ட அதே ஊசியின் அடுத்த தவணை. மூன்று மாதத்துக்கு முன்பே அவளிடம் நானாகப் பேச்சை எடுத்தேன். அவள் உடனே சரி சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்றாள். யோசி என்றேன். எங்கள் டாக்டர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே பரிசோதித்துப் பார்த்து, போடலாம் என்று எழுதி அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் அவள் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, பால்வாடி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்மில் மகள். தன் முறை வந்ததும் பெண் தானே சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, வலிக்குமா என்று என்னைக் கேட்டாள். வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் குறைந்துவிடும் என்றேன். அம்மாவோடு சேர்ந்து எண்ணினாள். ஏழில் நிறுத்தி, “முடிஞ்சி போச்சா?” என்றாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் போட்டேன். கை லேசாக வலிக்கிறது என்கிறாள், மற்றபடி ஆடிக்கொண்டிருக்கிறாள், உடம்பு சுடவே இல்லை என்றாள் அம்மா. பின்னால் அக்காவும் தம்பியும் எதற்கோ சண்டை போடுகிற சத்தம் கேட்டது. நாளைக்கும் பார்த்துக்கொள், சுட்டால் கூப்பிடு என்றேன். கூப்பிடுகிறேன் என்றாள். என் வீட்டுக்காரர் யார் போனில் என்று கேட்டார். உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.